சாங்கியிலிருந்து நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு டிக்கெட் தேடுகிறவர்களை முதலில் குழப்புவது எண்கள்தான். ஒரு தளத்தில் தூரம் 15,350 என்று இருக்கிறது, இன்னொன்றில் 9,540, வேறொன்றில் 8,290. பயண நேரமும் அப்படித்தான்: ஓரிடத்தில் 17 மணி, ஓரிடத்தில் பதினெட்டே முக்கால், மற்றோரிடத்தில் 24. டிக்கெட்டிலோ பகல் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை ஆறரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது.

இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வோர் எண்ணும் ஒரு தனிக் கேள்விக்கு விடை. அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் எந்த எண்ணை எதற்கு நம்பலாம் என்பது தெரியும். இது எங்கும் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் உலகிலேயே மிக நீளமானது என்பதால், தொலைதூர விமானப் பயணத்தின் நுணுக்கங்கள் எல்லாம் இந்த ஒரு பாதையிலேயே கிடைக்கின்றன.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமாகப் பொதுவாகத் தரப்படுவது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி அது. ஓர் உருண்டைக் கோளத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் எங்கே படிகிறதோ அதுவே அந்த வழி.

மேலே சொன்ன மூன்று எண்களும் இதே தூரம்தான், அலகு மட்டும் வேறு. 15,350 என்பது கிலோமீட்டர். 9,540 என்பது சாலையில் நாம் சொல்லும் மைல். 8,290 என்பது கடல் மைல், விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்துவது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அலகைப் போடாமல் எண்ணை மட்டும் பகிர்வதால் வரும் குழப்பம் இது.

இனி அந்த நூல் எங்கே போகிறது என்று பாருங்கள். சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜேஎஃப்கே ஏறக்குறைய 74 பாகை மேற்கில் இருக்கிறது. கூட்டினால் 178 பாகை. அதாவது பூமியின் அச்சை வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. அதனால் மிகக் குறுகிய வழி கிழக்கேயும் போவதில்லை, மேற்கேயும் போவதில்லை. சாங்கியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குகிறது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இது தெரியாது. அந்த மெர்கேட்டர் வகைப் படத்தில் இரண்டு ஊருக்கும் இடையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், பசிபிக் கடல் வழியாகப் போகும் அந்தக் கோட்டின் உண்மையான நீளம் சுமார் 18,900 கி.மீ. வருகிறது. குறுகிய வழியைவிட 3,000 கி.மீ.க்கு மேல் அதிகம். இருக்கைத் திரையில் விமானத்தின் பாதை ஏன் வில்லாக வளைந்து தெரிகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: உருண்டையைத் தட்டையாக்கும்போது படம்தான் வளைகிறது.

அந்தக் குறுகிய வழியில் விமானம் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. நியூயார்க் போகும் விமானம் பொதுவாகத் தென்சீனக் கடலையும் பிலிப்பீன்ஸ் பக்கத்தையும் கடந்து, ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கில் ஏறி, அலாஸ்காவையும் கனடாவையும் தாண்டி இறங்குகிறது. இதில் ஆயிரம் கி.மீ.க்கு மேலும் கூடலாம். தெரிந்தே நீள வழியைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் உண்டு.

1. காற்று

மூன்றில் பெரியது இதுவே. விமானத்தின் வேகம் என்று சொல்லும்போது இரண்டு வேகங்களைப் பிரிக்க வேண்டும். சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது காற்றுவேகம். கீழே தரையைப் பொறுத்து எவ்வளவு நகர்கிறது என்பது தரைவேகம். சாங்கி முனையங்களில் உள்ள நகரும் நடைபாதையில் நடப்பதைப் போல. கால் எடுத்து வைக்கும் வேகம் மாறுவதில்லை, ஆனால் பாதை நகரும் திசையில் நடந்தால் சீக்கிரம் போய்ச் சேர்கிறோம்.

வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கிறது. அதைத் தாரைக்காற்று என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் வீசுவதுண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றுவேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- 15,350 கி.மீ. குறுகிய வழி, காற்றே இல்லை என்றால்: சுமார் 17 மணி 3 நிமிடம்.
- அதே வழியில் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால்: சுமார் 18 மணி 16 நிமிடம்.
- 16,500 கி.மீ. நீள வழியில் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால்: சுமார் 16 மணி 50 நிமிடம்.

ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றிப் போன விமானம் முன்னதாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் விமான நிறுவனங்களில் பாதை வகுப்பவர்கள் ஒவ்வொரு நாளும் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து அன்றைக்கான வழியைத் தீர்மானிக்கிறார்கள். நேற்று போன வழியிலேயே இன்றும் போக வேண்டும் என்பதில்லை.

திரும்பி வரும் பயணத்தில் இது இன்னும் அழகாக வெளிப்படுகிறது. இரண்டு ஊரும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் நியூயார்க்கிலிருந்து கிழக்கே பறந்தும் சிங்கப்பூர் வரலாம். பல நாட்களில் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, ஆசியா வழியாகத்தான் வருகிறது. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. போய்த் திரும்பிய பயணி கிழக்குத் திசையிலேயே உலகை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார்.

மற்றப் பாதைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிவிடும், இரண்டும் சமமாகவும் இருக்காது. 5,000 கி.மீ. பாதையில் மணிக்கு 100 கி.மீ. காற்று என்றால், சாதகமான திசையில் 5 மணி நேரம், பாதகமான திசையில் 6 மணி 15 நிமிடம், மொத்தம் 11 மணி 15 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 11 மணி 7 நிமிடம்தான் ஆகும். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது.

2. அனுமதி இல்லாத வான்வெளி

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தில் உரிமை உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பிறகு பல விமான நிறுவனங்களால் ரஷ்ய வானில் பறக்க முடியவில்லை, அல்லது அவை தாமே தவிர்த்தன. இதில் அதிகம் அடிபட்டது ஃபின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியளவில் போன விமானம் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஏர் இந்தியா விமானங்களுக்கும் இதே நிலைதான். செய்தியில் 'வான்வெளி மூடல்' என்று வந்தால், பழைய பயண நேரத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

3. அவசரத்துக்கு இறங்க இடமும், கடுங்குளிரும்

நியூயார்க் விமானத்துக்கு இரண்டே எஞ்சின்கள். ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்து, அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு விமான நிலையம் வழி முழுக்க இருந்தாக வேண்டும். இந்தப் பாதையில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 ரகத்துக்கு இந்த வரம்பு அதிகபட்சம் 370 நிமிடங்கள் வரை சான்றளிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் துருவப் பகுதியில் இறங்க ஓடுபாதை இருப்பது மட்டும் போதாது. உறைபனியில் இறங்கிய பயணிகளைத் தங்கவைக்க இடம் வேண்டும், மீட்டு வர ஏற்பாடு வேண்டும்.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. சாங்கியில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு −47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் பரவலாக நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருளுக்கு அது −40. துருவத்தை ஒட்டி உயரத்தில் வெளிக்காற்று −60 பாகைக்கும் கீழே போகலாம். மணிக்கணக்கில் அந்தக் குளிரில் பறக்கும்போது இறக்கைத் தொட்டிகளில் உள்ள எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்கிறது. வரம்பை நெருங்கினால் விமானி உயரத்தைக் குறைக்கவோ வேகத்தைக் கூட்டவோ பாதையை மாற்றவோ வேண்டியிருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எதைக் குறிக்கிறது?

இங்கும் இரண்டு நேரங்கள். சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை உள்ளது பறக்கும் நேரம். நுழைவாயிலை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேரும் ஊரின் நுழைவாயிலில் நிற்கும் வரை உள்ளது பிளாக் டைம். டிக்கெட்டில் போடுவது பின்னது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, புறப்பட வரிசையில் நிற்பது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் நேரம் சேர்த்தும் வைப்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கான சேவையை மீண்டும் தொடங்கியபோது முதல் விமானம் 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. அறிவித்திருந்த நேரம் அதைவிட அதிகம்.

இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் வேறு வழியில் கணக்கிடுகின்றன. பெருவட்டத் தூரத்தை மணிக்கு 800, 900 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடுகின்றன. காற்றும் வான்வெளியும் அதில் கிடையாது. பொத்தாம்பொதுவாகத் தெரிந்துகொள்ள அது சரி, விமானத்தைப் பிடிக்க உதவாது.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. நமக்குப் பழக்கமான சென்னைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 2,900 கி.மீ., நேரம் நாலேகால் மணி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் இரவு 9:45. டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். திரும்பும்போது சென்னையில் இரவு 11:15க்குக் கிளம்பினால் சாங்கியில் காலை 6 மணி. இப்போது ஆறே முக்கால் மணி நேரம் மாதிரித் தெரிகிறது. இரண்டு திசையிலும் உட்கார்ந்திருந்தது நாலேகால் மணிதான். மிச்சமெல்லாம் இரண்டு நாட்டுக்கும் இடையிலுள்ள இரண்டரை மணி வித்தியாசம்.

நியூயார்க்குக்கு இதே கணக்கு இன்னும் விரிகிறது. சிங்கப்பூர் நேரம் ஆண்டு முழுக்க ஒன்றுதான். நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுப்பார்கள். அதனால் வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. பயணம் பதினெட்டரை மணி என்று வைத்துக்கொண்டால்:

1. கோடையில் சிங்கப்பூரில் திங்கட்கிழமை பகல் 12க்குக் கிளம்பினால், நியூயார்க்கில் அதே திங்கட்கிழமை மாலை 6:30.
2. குளிர்காலத்தில் அதே விமானம் திங்கட்கிழமை மாலை 5:30க்கு இறங்கும்.
3. குளிர்காலத்தில் நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவு 10:30க்குக் கிளம்பினால், சாங்கியில் புதன்கிழமை காலை 6 மணி.

மூன்றாவதில்தான் பலர் தேதியைத் தவற விடுகிறார்கள். சாங்கிக்கு அழைத்துவர வரும் உறவினருக்குச் செவ்வாய் என்று சொல்லிவிடுவார்கள். பசிபிக்கில் தேதி மாறும் நாள்கோட்டைக் கடந்ததால் ஒரு நாள் போயிற்று என்று விளக்கம் சொல்வதும் உண்டு. அட்லாண்டிக் வழியாக வரும் விமானம் நாள்கோட்டைத் தொடுவதே இல்லை, ஆனாலும் இறங்குவது புதன்கிழமைதான். எந்த வழியாக வந்தாலும் விடை இரண்டு ஊரின் கடிகார வித்தியாசத்தைப் பொறுத்தது.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களை அனுப்பும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பகல் 12க்கு ஏறி மாலை ஆறரைக்கு இறங்குகிறார் என்று பார்த்தால் ஒரு வேளை மருந்துகூடத் தேவையில்லை போல இருக்கும். உடம்புக்குக் கழிந்தது பதினெட்டரை மணி. இன்சுலின் போடுபவராக இருந்தால், டிக்கெட்டில் உள்ள கடிகார நேரத்தைச் சொல்லாமல், மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை டாக்டரிடம் சொல்லி அட்டவணை வாங்கிக்கொள்வது நல்லது.

நீள தூரம் ஏன் விலை கூடியது?

இந்தச் சேவைக்கென்றே தயாரான ரகம் ஏ350-900யூஎல்ஆர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இவை ஏழு இருக்கின்றன. வழக்கமான ஏ350-900 விமானத்தில் சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இதில் 1,65,000 லிட்டர். முழுத் தொட்டியோடு கிளம்பினால் எரிபொருள் மட்டும் ஏறக்குறைய 130 டன். விமானம் மேலெழும் உச்ச எடையே 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான்.

சிக்கல் அங்கேதான். பதினாறாவது மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் பதினைந்து மணி நேரமும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். அதைத் தூக்கவே எரிபொருள் செலவாகிறது. கனமாக இருக்கும் தொடக்கத்தில் விமானத்தால் உச்ச உயரத்துக்கும் போக முடியாது. எரிந்து எரிந்து எடை குறையக் குறையப் படிப்படியாகத்தான் மேலே ஏறும்.

எடையைக் குறைக்க வேண்டியிருப்பதால் இதில் 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அதே நிறுவனத்தின் வழக்கமான தொலைதூர ஏ350யில் 253 இருக்கைகள். முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை. 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தோடு தொடங்கிய முதல் நியூவர்க் சேவை 2013இல் நின்றுபோனதற்கும் எரிபொருள் செலவே முக்கியக் காரணம்.

நிற்காமல் போவதும் நேராகப் போவதும்

டிக்கெட் விற்பவர்கள் 'டைரக்ட்' என்று சொன்னால் நிற்காமல் போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே விமான எண்ணில் போவது டைரக்ட், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் இறங்காதது 'நான்-ஸ்டாப்'. சாங்கியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஜேஎஃப்கே போகும் சேவை முதல் வகை.

அந்த வழியின் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,260 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,190 கி.மீ., மொத்தம் 16,450. குறுகிய வழியைவிட 7 விழுக்காடுதான் கூடுதல். ஆனால் மொத்த நேரம் ஏறக்குறைய 24 மணி. நேரத்தை விழுங்குவது இறங்குவது, நிற்பது, மறுபடி ஏறுவது, அப்புறம் அட்லாண்டிக்கில் மேற்கு நோக்கி எதிர்க்காற்றில் பறப்பது. பதிலுக்குச் சாதாரண எகானமி இருக்கை கிடைக்கிறது.

தூரமும் நேரமும் தனித்தனி என்பதற்கு இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே ஒரு வலுவான சான்று இருக்கிறது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்த விமானப் பாதை அறுந்தது. அதை மீட்க 1943இலிருந்து 1945 வரை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான க்வாண்டாஸ், பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்குக் கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலித் தொடர்பைத் தவிர்த்து, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டு பறந்தார்கள். தூரம் சுமார் 5,600 கி.மீ., பயணிகள் அதிகம் போனால் மூன்று பேர், நேரம் 27இலிருந்து 33 மணி வரை. வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் நிலைத்தது. இன்றைய நியூயார்க் விமானம் கடக்கும் தூரத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வானில் இருந்த நேரத்தில் இன்றைய சேவை அதை நெருங்கவில்லை.

அந்தப் பெயரை நினைவூட்டும் விதமாகத்தான் க்வாண்டாஸ் தன் அடுத்த திட்டத்துக்குச் சூரியோதயம் என்று பெயர் வைத்திருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறப்பது, தூரம் சுமார் 17,020 கி.மீ., நேரம் 22 மணி வரை. அது ஓடத் தொடங்கினால் உலகின் மிக நீளமான சேவை என்ற இடம் சாங்கியை விட்டுப் போகும்.

சிங்கப்பூர் கவனிக்க வேண்டியது பட்டத்தை இழப்பதை அல்ல. சிட்னி–சிங்கப்பூர் சுமார் 6,300 கி.மீ., சிங்கப்பூர்–லண்டன் சுமார் 10,880. கூட்டினால் 17,180. நிற்காமல் போவதற்கும் சாங்கியில் இறங்கிப் போவதற்கும் தூர வித்தியாசம் 200 கி.மீ.கூட இல்லை. 1947இல் கங்காரு பாதை என்ற பெயரில் சிட்னி–லண்டன் சேவை தொடங்கியபோது விமானம் சிங்கப்பூர் உட்படப் பல ஊர்களில் நின்று நான்கு நாட்களில் போய்ச் சேர்ந்தது. அப்போதிலிருந்து இன்று வரை சிங்கப்பூரின் பலம், அந்தக் குறுகிய கோட்டின் மேலேயே இது உட்கார்ந்திருப்பதுதான்.

ஆகவே நான்-ஸ்டாப் சேவை மிச்சப்படுத்துவது தூரத்தை அல்ல, நிற்கும் நேரத்தை மட்டுமே. க்வாண்டாஸ் சொல்லும் கணக்குப்படி அது நான்கு மணி நேரம் வரை. அதற்காக அந்த ஏ350-1000 விமானத்தில் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி வைத்து, இருக்கைகளை 238ஆகக் குறைக்கிறார்கள். நியூயார்க் சேவையில் பார்த்த அதே எடைக் கணக்கு அங்கேயும் வருகிறது, கட்டணத்தில் அது தெரியும். அலுவல் காரணமாகப் பறப்பவர்கள் அந்த நான்கு மணிக்குப் பணம் கொடுப்பார்கள், சாங்கி அவர்களில் ஒரு பகுதியை இழக்கும். இரண்டு பிள்ளைகளோடு எகானமியில் பறக்கும் குடும்பம், நடுவில் இறங்கிக் காலை நீட்டி, குறைந்த விலைக்குப் போகும் வழியைத்தான் இன்னும் பல காலம் தேடும் என்பது என் கணிப்பு.